மூன்று குப்பிகளில் ஒரு துணுக்கு

மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கி இடம் வலமாகப் பிரியும் கவட்டுக்குக் கீழேயும் இருபக்கமும் சில நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால் வீட்டுப் பெரியவர்களே தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இங்கே நெறி கட்டினால் யார் விரலுக்கும் அகப்படாது. எக்ஸ்ரேயில் இதயத்தின் இருபுறமும் நுரையீரலின் வேர்ப்பகுதி புடைத்துத் தெரியும். சி.டி. எடுத்தால் இரண்டு சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர் என்று அளவோடு எழுதி வரும். அப்படி வீங்கிய கணுவிலிருந்து பிய்த்தெடுக்கப்படும் ஒரு துணுக்கின் வரலாறு இது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர்ப் பக்கத்து நோயாளிகள் பலரிடமிருந்து இப்படி எடுக்கிறார்கள். குறிப்பிட்ட ஒருவருடைய கதையாக இதை நான் சொல்லப் போவதில்லை. அந்தத் துணுக்கு வழக்கமாகப் போகும் பாதையைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தக் கணுவை எட்ட வேண்டுமானால் முழு மயக்கம் கொடுத்து, மார்பெலும்புக்கு மேலே கழுத்தடியில் கீறித்தான் உள்ளே போக வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் கார்லென்ஸ் 1959-ல் விவரித்த முறை அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய பிராங்கோஸ்கோப் வந்தது. வாய் வழியாகக் குழாயை விட்டு, மூச்சுக்குழலின் சுவருக்கு அப்பால் கணு எங்கே இருக்கிறது, ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே சுவர் வழியாக ஊசியைச் செலுத்துகிறார்கள். இதை எபஸ் என்பார்கள். நெதர்லாந்தை மையமாகக் கொண்டு 304 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சார்காய்டோசிஸ் என்ற நோயைத் திசுவில் கண்டுபிடிப்பதில் பழைய பிராங்கோஸ்கோப்பி முறை 53 சதவீதம்தான் வென்றது. அல்ட்ராசவுண்ட் ஊசி 80 சதவீதம் வென்றது. ஊசியிலிருந்து வெளியே வருவது ரத்தம் கலந்த, உடைந்த சேமியா போன்ற சில இழைகள். இதுதான் நம் கதாநாயகன். மொத்தத்தையும் சேர்த்தால்கூட விரல் நுனியை மறைக்காது.

அந்த இழை ஊசியிலிருந்து விழும் அந்த நிமிடத்தில், எந்தக் குப்பியில் அதைப் போடுவது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். நோயாளியின் அடுத்த இரண்டு வருடம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

குப்பிகள் மூன்று வேண்டும். ஒன்றில் ஃபார்மலின், மூக்கையும் கண்ணையும் எரிக்கும் 10 சதவீதக் கரைசல். திசு அழுகாமல், வடிவம் கெடாமல் அப்படியே உறைந்துபோக அது வேண்டும். மற்ற இரண்டிலும் வெறும் சலைன். ஒன்று காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு, இன்னொன்று கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. ஃபார்மலினில் விழுந்த இழையில் கிருமி இருந்தால் செத்துப்போகும். செத்த கிருமியை எந்த ஆய்வகத்தாலும் வளர்க்க முடியாது. அதன் மரபணுவும் துண்டு துண்டாகச் சிதையும். எல்லா இழைகளையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினிலேயே போட்டுவிட்டால் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும்: திசு பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது? அதற்குள் உயிருள்ள கிருமி இருந்ததா என்ற கேள்வி அந்தக் குப்பியோடு முடிந்தது. மறுபடி ஊசி போட்டால்தான் உண்டு. இழைகளைப் பிரித்துப் போடுவதை விலைக்கும் விஞ்ஞானத்துக்கும் அப்பாற்பட்ட காரியம் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு காலிக் குப்பிகளும் கொஞ்சம் உப்புத் தண்ணீரும் எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கும்.

காசநோய், சார்காய்டோசிஸ் இரண்டுமே கிரானுலோமா என்ற முடிச்சைக் கட்டுவதுதான் சிக்கல். உடம்பின் பாதுகாப்பு அணுக்கள், அழிக்க முடியாத ஏதோவொன்றைச் சுற்றி வளைத்துக் கூட்டமாக நின்று இறுகிப்போவதால் உண்டாகும் முடிச்சு அது. காசநோயில் வளைக்கப்படுவது கிருமி. சார்காய்டோசிஸில் எது வளைக்கப்படுகிறது என்று இன்றுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் முகப்பருக் கிருமியின் தடயத்தை அந்த முடிச்சுகளில் கண்டிருக்கிறார்கள். வேறு பலர் காசநோய்க் கிருமியின் மரபணுத் துணுக்குகளையே கண்டிருக்கிறார்கள். இரண்டு நோயும் வேறு வேறு என்று நாம் கட்டிய சுவரிலேயே ஓட்டை இருக்கலாம்.

துணுக்கு வெளியே வருவதற்கு முன்பு அது ஒரு நெஞ்சுக்குள் பல மாதம் இருந்திருக்கும். வறட்டு இருமல், மாலையில் ஒரு அசதி, கொஞ்சம் எடைக் குறைவு, படியேறினால் மூச்சு வாங்குவது. தெருமுனை டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார். கேட்காமல் போனதும் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் கணு வீங்கியிருந்தால் நம் ஊரில் முதலில் நாக்கில் வரும் பெயர் டி.பி.தான். சளி டெஸ்ட்டில் ஒன்றும் வராது. "சளியில வரலைன்னாலும் படத்தைப் பார்த்தா அப்படித்தாம்மா தெரியுது, மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்பார்கள். ஆறு மாத மாத்திரை ஆரம்பமாகும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். இந்தியாவில் சார்காய்டோசிஸ் என்று கடைசியில் தெரியவந்தவர்களில் கணிசமானோர் அதற்கு முன் இப்படி டி.பி. மாத்திரை விழுங்கியவர்கள்தான் என்று வடக்கிலும் தெற்கிலும் வெளியான தொகுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இதற்காக அந்த டாக்டரைக் குறை சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். டி.பி. என்று நினைத்து மாத்திரை கொடுத்து அது சார்காய்டோசிஸாக இருந்தால் ஆறு மாதமும் ஈரலுக்குக் கொஞ்சம் சிரமமும் நஷ்டம். சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து அது டி.பி.யாக இருந்தால் கிருமி உடம்பெல்லாம் பரவி ஆளே போய்விடலாம். இந்தத் தராசில் எந்தத் தட்டு கனக்கும் என்பது தெரிந்ததே. முதல் சந்தேகம் டி.பி.யாக இருப்பது நியாயம். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் படம் மாறவில்லை, எடை ஏறவில்லை என்ற பிறகும் அதே சந்தேகத்தைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம், ஒரு வருடம் என்று இழுத்துக்கொண்டே போவதில்தான் நியாயமில்லை.

தாம்பரத்தில் அந்த முதல் சந்தேகத்துக்கு ஓர் ஊரே சாட்சி. ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய நிலையம் அது. சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு என்பதுதான் அன்றைய மருந்து. அதனால்தான் அவ்வளவு பெரிய நிலம், அவ்வளவு மரம். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. நோயாளிகளை வேறெங்கும் சேர்க்கத் தயங்கியபோது சேர்த்துக்கொண்டதும் இந்த இடம்தான். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் கண்டக்டருக்கும் பயணிக்கும் அது இன்னும் 'டி.பி. ஆஸ்பத்திரி'.

சௌரி முத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917-ல் அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். டி.பி. என்ற சந்தேகத்தில் சானடோரியம் சானடோரியமாக மாறிய ராமானுஜன் 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். அவருக்கு இருந்தது டி.பி.யே இல்லை, சிகிச்சையில் குணமாகக்கூடிய ஈரல் அமீபியாசிஸ் என்று 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை அலசி வாதிட்டார். சரியா தவறா என்று இனி நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் அவர் உடம்பிலிருந்து ஒரு துணுக்குத் திசுகூட யாரும் எடுத்து வைக்கவில்லை.

சேத்துப்பட்டில்தான் 1956-ல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது, இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிடுவதற்கு ஈடாகக் குணமாகும் என்று 1959-ல் அந்த மையம் உலகுக்குக் காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஒரு பக்கவிளைவும் உண்டு. டி.பி. வைத்தியம் என்றால் வருடக்கணக்கில் படுக்கை என்றிருந்தவரை அதை ஆரம்பிக்க மருத்துவர் பலமுறை யோசித்திருப்பார். மாத்திரை வீட்டுக்கே வரும் என்றானதும் ஆரம்பிப்பது சுலபமாயிற்று.

துணுக்குக்குத் திரும்புவோம். சலைன் குப்பிகள் ஒரு திசையில் போகின்றன. சிபிநாட் இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த பிறகு நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பரவலாக வந்த இயந்திரம் இது. நுண்ணோக்கியில் கிருமி கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். சிபிநாட்டுக்கு நூற்றுச் சொச்சம் போதும். கணுவில் பல நேரம் அதுகூட இருக்காது. கிருமி இருக்கிறது என்று வந்தால் விஷயம் முடிந்தது. இல்லை என்று வந்தால் எதுவும் முடியவில்லை. கல்ச்சர் குப்பி 42 நாள் வரை காத்திருக்கும். அதுவரை நோயாளியிடம் என்ன சொல்வது? நோயாளிக்கு இருமல் நிற்காது, வீட்டில் பிள்ளைகளைத் தனியாகப் படுக்க வைத்திருப்பார்கள், தட்டும் டம்ளரும் தனியாகியிருக்கும். சார்காய்டோசிஸ் ஒட்டுவதில்லை. டி.பி. என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் போவதில்லை.

ஃபார்மலின் குப்பி பயாப்சி லேபுக்குப் போகிறது. அங்கே இழைகளைச் சிறு பிளாஸ்டிக் கேஸட்டில் வைப்பார்கள். இவ்வளவு சிறியது தொலைந்துபோகாமலிருக்க மெல்லிய காகிதத்தில் மடித்து, கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு சொட்டு இயோசின் சிவப்புச் சாயம் விடுவார்கள். கேஸட்டில் எண் எழுதப் பென்சில்தான். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ராத்திரி முழுக்க ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று ஒன்று மாற்றி ஒன்றில் ஊறி, காலையில் துணுக்கு ஒரு வெள்ளை மெழுகுக் கட்டிக்குள் சிவப்புப் புள்ளிகளாக உட்கார்ந்திருக்கும். இதற்கு 'பிளாக்' என்று பெயர். இனி துணுக்கின் வாழ்க்கை இந்த பிளாக்குக்குள்தான்.

டெக்னீஷியன் அதை மைக்ரோடோமில் பூட்டி மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்கு, அதாவது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குக்கு, சீவுகிறார். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பனாக வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடால் கீழிருந்து ஏந்தி எடுப்பார். வேகமாக எடுத்தால் மடிந்துவிடும். தாமதித்தால் விரிந்து கிழியும். ஒரு பிளாக்கில் இத்தனை சீவல்தான் என்று கணக்கு உண்டு. எபஸ் ஊசியில் வந்த இழை சன்னமானது. முதல் சீவலில் கிரானுலோமா தெரியவில்லை என்று ஆழமாக வெட்டச் சொன்னால், பிறகு கிருமிச் சாயத்துக்குச் சீவல் வேண்டும் என்றால், பூஞ்சைச் சாயத்துக்கு வேண்டும் என்றால், நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவா என்று பார்க்க இன்னும் ஐந்தாறு வேண்டும் என்றால், ஒரு கட்டத்தில் பிளாக்கில் வெறும் மெழுகுதான் மிச்சம். ஆகவே எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதற்கு இங்கேயும் விலை உண்டு. "மீடியாஸ்டைனல் நோடு" என்று இரண்டே வார்த்தை எழுதிய கோரிக்கைச் சீட்டு வந்தால் பேதாலஜிஸ்ட் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வயது, தொழில், மாண்டூ எப்படி, சர்க்கரை உண்டா, டி.பி. மாத்திரை எத்தனை மாதம் என்று எழுதியனுப்பினால் அவர் தேட வேண்டியதைத் தேடுவார்.

மாண்டூவைச் சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் டியூபர்குலின் போட்டுத் தடிப்பை அளக்கும் பழைய, மலிவான சோதனை. இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உடம்பில் டி.பி. கிருமி உறங்கிக்கொண்டிருப்பதால், மாண்டூ தடித்தால் நோய் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சார்காய்டோசிஸ் உள்ளவரின் தோல் இந்த ஊசிக்குப் பெரும்பாலும் ஊமையாகிவிடும். டி.பி. நிறைந்த நம் நாட்டிலேயே அப்படித்தான் என்று சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, நன்றாகத் தடித்துக் கொப்புளித்த மாண்டூவோடு வரும் ஒருவரைச் சார்காய்டோசிஸ் என்று முத்திரை குத்தும் முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது. இவ்வளவு தகவலை இவ்வளவு குறைந்த செலவில் கொடுக்கும் சோதனைகள் அதிகமில்லை. அதைச் சரியாகப் போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்கேல் வைத்து அளப்பவர்களும் அதிகமில்லை.

நுண்ணோக்கியில் பேதாலஜிஸ்ட் என்ன பார்க்கிறார்? டி.பி.யின் கிரானுலோமா பெரும்பாலும் நடுவில் செத்திருக்கும், ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். சார்காய்டோசிஸினுடையது நடுப்பகுதி சாகாமல், கச்சிதமாக, சுற்றிலும் அதிகக் கூட்டமில்லாமல் தனித்தனியாக நிற்கும். புத்தகப்படி இவ்வளவுதான். நிஜத்தில் டி.பி.யின் ஆரம்பகால முடிச்சும் நடுவில் சாகாமலே இருக்கும். சார்காய்டோசிஸ் முடிச்சிலும் சில நேரம் சிறிது சாவு இருக்கும். அணுக்களுக்குள் நட்சத்திர வடிவத்தில் ஒன்று, சிப்பி அடுக்கு போல ஒன்று என்று மாணவர்கள் படம் வரைந்து மனப்பாடம் செய்யும் இரண்டும் வேறு நோய்களிலும் வரும்.

தென்சென்னைப் புறநகருக்கே உரிய ஒரு சந்தேகமும் இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கத்துப் பாறைக்கு உலகப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர் அது. கல் இங்கிருந்து போனது. குவார்ட்ஸ் கலந்த அந்தப் பாறையை உடைத்த குவாரிகளிலும் கிரஷர்களிலும் வேலை செய்தவர்கள் இந்தப் புறநகரில் உண்டு. சிலிக்கா தூசியும் கணுவை வீங்க வைக்கும், முடிச்சு கட்டும். போதாக்குறைக்கு டி.பி. வரும் வாய்ப்பையும் கூட்டும். ஸ்லைடைத் துருவ ஒளியில் வைத்தால் தூசித் துகள் மினுக்கும். ஆனால் கோரிக்கைச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் இருந்தால் அந்த விளக்கைப் போட யாருக்குத் தோன்றும்?

கடைசியில் ரிப்போர்ட் வருகிறது. செத்த பகுதி இல்லாத கிரானுலோமா அழற்சி. கிருமிச் சாயத்தில் கிருமி காணப்படவில்லை. மருத்துவ விவரங்களோடு பொருத்திப் பார்க்கவும். நோயாளியின் வீட்டார் இதைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ என்ன வியாதின்னு போடலியே சார்?" என்று கேட்பார்கள். பேதாலஜிஸ்ட் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். துணுக்கால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். படம், மாண்டூ, சிபிநாட், கல்ச்சர், கண், தோல், கால்சியம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து, வேறெதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் சார்காய்டோசிஸ் என்ற பெயர் வரும்.

அந்தப் பெயருக்கும் நீண்ட அலைச்சல் உண்டு. லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் 1869-ல் நிலக்கரி இறங்குதுறையில் வேலை செய்த ஒருவரின் தோலில் கண்டார். பாரிஸில் பெஸ்னியே 1889-ல், நார்வேயில் சீசர் போக் 1899-ல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். எல்லாரும் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது உடம்பு முழுவதற்குமான நோய் என்று 1914 வாக்கில் எடுத்துச் சொன்னவர் ஸ்வீடனின் யோர்கன் ஷௌமன். இந்தியாவில் இது கிடையாது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1957-ல் சென்னையிலிருந்து ஆர்.வி. ராஜமும் சகாக்களும் உடம்பு முழுக்கப் பரவிய ஒரு நோயாளியை விவரித்து நீண்ட கட்டுரை எழுதினார்கள். நம் நாட்டின் ஆரம்பப் பதிவுகளில் அதுவும் ஒன்று. ராஜம் நெஞ்சக நிபுணர் இல்லை, பால்வினை நோய்த் துறையின் பெரும் பெயர். டி.பி. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாத ஒருவர் பார்த்ததால்தான் தெரிந்ததோ என்று எனக்கு ஒரு குறும்பான எண்ணம் உண்டு.

இதற்குள் பிளாக் பயணம் கிளம்பியிருக்கும். இரண்டாவது கருத்து வேண்டும் என்று டாக்டர் சொன்னால், லேபில் கையெழுத்துப் போட்டு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிக்கொள்ளலாம். ஸ்லைடைச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுப்பார்கள். சானடோரியத்தில் பீச் லோக்கல் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. லிம்ஃபோமா சந்தேகம் வந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்னும் குழப்பமானால் சென்ட்ரலில் ரயிலேறி காட்பாடி, அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. எக்ஸ்ரே கவர், சி.டி. பிலிம், ஃபைல், இவற்றோடு கைப்பையில் ஒரு மெழுகுக் கட்டி. மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடக் கூடாது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. பிளாக்கை வாங்கியவர் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்பதும் அரிது.

பெயர் கிடைத்துவிட்டால் சிரமம் தீர்ந்தது என்று நினைத்தால், அடுத்த சிரமம் அங்கேதான் ஆரம்பம். சார்காய்டோசிஸ் வந்தவர்களில் பலருக்கு மருந்தே வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் தானாக அடங்கிவிடும். இதை நம்ப வைப்பது கடினம். இவ்வளவு அலைந்து, இவ்வளவு செலவழித்து வந்தவரிடம் "சும்மா இருங்க, மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து ஊதிக் காட்டுங்க" என்று சொன்னால் அவர் வேறு டாக்டரைப் பார்க்கப் போய்விடுவார். மூச்சுத்திணறல் கூடினால், கண்ணில் அழற்சி வந்தால், இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டால் மருந்து கட்டாயம். இதய விஷயத்தில் தாமதம் உயிருக்கே உலை. அதனால் பெயர் தெரிந்த அன்றே ஒரு ஈ.சி.ஜி.யும் ஒரு கண் பரிசோதனையும் எடுத்துவிட வேண்டும். சிலருக்குக் கண் டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டு நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்வார்.

மருந்து என்றால் பிரெட்னிசலோன். காலையில் சாப்பிட்டதும் விழுங்க வேண்டிய சின்ன மாத்திரை. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமா 20 மில்லிகிராமா என்று உலகெங்கும் ஆளுக்கொரு வழக்கம் இருந்தது. சண்டிகர் பி.ஜி.ஐ.யில் 86 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 18 மாத முடிவில் நோய் திரும்பியதில் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. 2023-ல் வெளியான இந்த முடிவு, சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊருக்கு மிகப் பெரிய விஷயம். 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு, எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்கரையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது வீட்டில் க்ளூக்கோமீட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 2025-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, மெத்தோட்ரெக்ஸேட்டை முதல் மருந்தாகவே கொடுத்தாலும் நுரையீரலுக்குப் பிரெட்னிசலோனுக்கு ஈடான பலன் என்றது. அது வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் என்று தப்பாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். கிழமையின் பெயரைத் தமிழில் பெரிதாகச் சீட்டில் எழுதிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை.

மருந்தைக் கொடுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்ற வழக்கம் இங்கே இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஸ்டீராய்டு கொடுத்தால் டி.பி. நோயாளிக்கும் முதல் சில வாரம் காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், முகம் தெளியும். "கேட்டுடுச்சு, அப்போ சார்காய்டோசிஸ்தான்" என்று முடிவு கட்டினால் கிருமி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டி.பி. மாத்திரை கொடுத்தால், தானாகவே அடங்கவிருந்த சார்காய்டோசிஸ் அந்த ஆறு மாதத்தில் அடங்கும். பெயர் மாத்திரைக்குப் போகும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி ஸ்டீராய்டை வேகமாக அழிக்க வைக்கும். 20 மில்லிகிராம் விழுங்கியவருக்கு அதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம். பிறகு ஸ்டீராய்டு கேட்கவில்லை, எனவே சார்காய்டோசிஸ் இல்லை என்று இன்னொரு தவறான முடிவு பிறக்கும்.

இன்னொரு கண்ணி மருந்துக் கடையிலிருந்து வரும். அசதி, உடம்பு வலி என்றால் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் இப்போது சர்வசாதாரணம். வாரம் ஒன்று பாலில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். சார்காய்டோசிஸ் கிரானுலோமா தானே வைட்டமின் டியை வீரிய வடிவத்துக்கு மாற்றும், உடம்பின் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல். ரத்தப் பரிசோதனையில் வழக்கமான வைட்டமின் டி குறைவாகக் காட்டும், ஏனென்றால் அது மாற்றப்பட்டுவிட்டது. குறைவு என்று பார்த்து மேலும் பாக்கெட் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகத்தில் கல், கடைசியில் சிறுநீரகமே பழுது. ஸ்டீராய்டு சாப்பிடுவோருக்கு எலும்பு தேயும் என்று கால்சியம், டி மாத்திரைகளைப் பழக்கத்தில் எழுதுவதும் இங்கே ஆபத்து. முதலில் ரத்தக் கால்சியம் பார்க்க வேண்டும், 24 மணி நேரச் சிறுநீரில் போகும் கால்சியமும் பார்த்தால் நல்லது. முதல் சோதனை எந்த லேபிலும் மலிவாகக் கிடைக்கும்.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நோய் பலருக்குத் திரும்புகிறது. பக்கவிளைவுக்குப் பயந்து ஒரேயடியாக நிறுத்துபவர்களுக்கு வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரும். குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தி ஒரு வருடம் கழித்து மறுபடி இருமலும் காய்ச்சலும் வந்து, கணு மறுபடி வீங்கினால்? பழைய நோய்தானே என்று பிரெட்னிசலோனை மறுபடி எழுதுவது எல்லாருக்கும் வசதி. ஆனால் ஒன்றரை வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில் உறங்கிய டி.பி. எழுந்திருக்க நல்ல சந்தர்ப்பம் இருந்திருக்கிறது. முதல் தடவை சார்காய்டோசிஸாக இருந்தவருக்கு இரண்டாம் தடவை டி.பி.யே வரலாம். அப்போது மறுபடி ஊசி, மறுபடி மூன்று குப்பி.

அந்தப் புதிய துணுக்கைப் படிக்கும் பேதாலஜிஸ்ட்டுக்குப் பழைய ஸ்லைடு பக்கத்தில் இருந்தால் வேலை பாதி குறையும். முன்பு இல்லாத செத்த பகுதி இப்போது இருக்கிறதா, முடிச்சின் அமைப்பு மாறியிருக்கிறதா என்று இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்க்கலாம். பழைய பிளாக் எந்த லேபில், எந்த எண்ணில் இருக்கிறது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் இருப்பதில்லை. "பயாப்சி: கிரானுலோமா" என்று ஒரு வரிதான் இருக்கும். வேலூருக்குப் போன பிளாக் திரும்பி வந்ததா, பார்க் ஸ்டேஷன் எதிரில் கொடுத்தது அங்கேயே தங்கிவிட்டதா, சாயம் போட்டுப் போட்டுச் சீவித் தீர்ந்துவிட்டதா என்று நோயாளியின் மகனோ மகளோ லேப் கவுன்டர்களில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். கிடைக்காவிட்டால் புதுத் துணுக்கை மட்டும் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கழித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.